வேப்பிலை கட்டிய ஜன்னல்

ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் காலை நீட்டிப் படுக்க ஆசைப்பட்டு நான் செய்த காரியம் இது. எழும்பூரில் மதுரை பாசஞ்சரில் ஏறியதும், மயிலாப்பூர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வேப்பிலைக் கொத்தை ஜன்னலில் கட்டினேன். உள்ளே யாருக்கோ அம்மை என்று நினைத்து ஒருவரும் எங்கள் பெட்டியில் ஏறவில்லை.

"குழந்தையை வெச்சுண்டு இப்படியா பொய் சொல்வா?" என்றாள் என் மனைவி. நான் சிரித்தேன்.

செங்கல்பட்டு தாண்டியதும், வெயிலில் உடம்பு கொதித்து, எங்கள் இரண்டு வயதுப் பெண்ணுக்கு வலிப்பு கண்டது. அடுத்த ஸ்டேஷனில் உதவிக்குக் கூவினேன். வேப்பிலையைப் பார்த்தவர்கள் விலகிப் போனார்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து, முகமெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த ஒரு பெண் ஓடிவந்தாள்.

"எனக்கு வந்து பூட்ச்சு, பயம் இல்ல. கொயந்தைய இப்டி குடு நைனா."

குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி ஈரத்துணியால் துடைத்தாள். சற்று நேரத்தில் அது கண் விழித்தது.

"முத்து ஒண்ணுகூட இல்லியே?" என்றவள் வேப்பிலையைப் பார்த்தாள். நான் தலை குனிந்தேன்.

"ஆத்தா பேர வச்சா எடம் புடிச்சே?"

அவ்வளவுதான் கேட்டாள். இறங்கிவிட்டாள்.

இப்போது ரயிலில் நானே கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொள்கிறேன். "இடம் இருக்கா?" என்று கேட்பவர்களின் முகத்தைப் பார்க்க மட்டும் இன்னும் கூசுகிறது.