ஐந்தாவது பூச்சு

எனக்குக் கதை கட்டத் தெரியாது. பல் கட்டத்தான் தெரியும். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு இது நடந்தது.

அம்மா தனியாக இருந்த எங்கள் பழைய வீட்டின் குறுக்கே புதுச் சாலைக்குக் கோடு போட்டுவிட்டார்கள். அப்பா போனதிலிருந்து, "எங்ககூட வந்துடும்மா" என்று நானும் தம்பியும் கெஞ்சாத நாள் இல்லை. "இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்" என்பாள். ஏன் என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது வீடே போகப்போகிறது என்றதும் சோறு தண்ணீர் இறங்கவில்லை அவளுக்கு.

சாலை இன்ஜினியர் நல்ல மனிதர். வீடு நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று தெரிந்தால் சாலையை வளைத்துவிடலாம் என்றார். ஆனால் வீட்டை எப்போது கட்டினார்கள் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்திரத்தைக் கரையான் தின்று வெகுகாலம் ஆயிற்று.

"ஏதாவது ஒரு பழைய சுவரைக் கையகலம் சுரண்டி வைங்க மேடம். அடியில இருக்கிற சுண்ணாம்பைப் பார்த்தே எங்க ஆளு வயசைச் சொல்லிடுவாரு. திங்கக்கிழமை அனுப்புறேன்."

மற்ற சுவர்களுக்கெல்லாம் அப்பா சிமென்ட் பூசிவிட்டார். பழைய பூச்சோடு மிஞ்சியது பின்னறைச் சுவர் ஒன்றுதான். இரண்டடி கனம் இருக்கும்.

"அதுல மட்டும் கை வைக்காதே. ஓதம் ஏறின சுவரு" என்றாள் அம்மா.

உண்மைதான். நடுவில் ஓரிடம் உப்பிக்கொண்டு நிற்கும். வருடா வருடம் அம்மா தன் கையாலேயே அதன்மேல் கிரீம் நிற பெயின்ட் அடிப்பாள். வேறு யாரையும் விடமாட்டாள். "பெயின்ட் கடைக்காரர் உன்னை நம்பித்தான் மாடி கட்டினாரு" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் தம்பியும் ஒரு கல்யாண விருந்துக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். அவள் வீட்டைக் காப்பாற்றத்தானே செய்கிறோம் என்ற நினைப்பு.

மாலை 4.20. கிளினிக்கிலிருந்து பல் சுரண்டும் கொக்கிகளைக் கொண்டுவந்திருந்தேன். பல்லில் காரை எடுக்கிறவளுக்குச் சுவரில் எடுப்பது பெரிய காரியமா? உப்பிய இடம்தான் சுலபமாக உரியும் என்று அங்கேயே ஆரம்பித்தேன்.

கிர்ர்... கிர்ர்...

கிரீம் பூச்சு பிஸ்கட் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் ரோஸ் நிறம். அதன்மேல் ஒரு கை. விரலும் உள்ளங்கையுமாக முழுக் கை. யாரோ ஈரப் பெயின்டில் விளையாட்டாகக் கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தடவிப் பார்த்தேன்.

கை வைத்து அழுத்தியிருந்தால் குழியாக இருக்க வேண்டும். இது மேடாக இருந்தது.

எழுந்து வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சுவர் வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மனசு அரித்தது. ஆனாலும் பாதியில் விட்டால் தூக்கம் வராத ஜென்மம் நான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ரோஸ் உரிந்தது. அடியில் பச்சை. அதிலும் அதே கை, அதே இடத்தில். ஆனால் உள்ளங்கை இல்லை. ஐந்து விரல்கள் மட்டும்.

பச்சைக்கு அடியில் நீலம். அதில் விரல் நுனிகள் மட்டும்.

நீலத்துக்கு அடியில், ஐந்தாவதாக, சுண்ணாம்பு. இன்ஜினியர் கேட்டது அதுதான். அதில் ஐந்து சின்னப் புள்ளிகள். கடுகு அளவுக்கு மேடு. அவ்வளவே.

மணி 6.05. கரன்ட் போனது.

செல்போன் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் புதுப் பூச்சிலிருந்து பழையதுக்குப் போயிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால்...

முதலில் புள்ளிகள். பிறகு நுனி. பிறகு விரல். பிறகு கை.

அது வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு பூச்சாக அடித்து யாரோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அத்தனையையும் நான் உரித்துவிட்டேன்.

கிர்ர்...

கொக்கி என் மடியில் கிடந்தது.

கிர்ர்... கிர்ர்...

ஒரு புள்ளியிலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. பிறகு அடுத்த புள்ளியிலிருந்து.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

6.25. வாசலில் கார் சத்தம். அம்மா நேராகப் பின்னறைக்குத்தான் வந்தாள். விளக்கு இல்லாத வீட்டில், கூப்பிடாமலே.

"எவ்வளவு சுரண்டின?"

"எல்லாம்மா... சுண்ணாம்பு வரைக்கும்."

"தள்ளு."

விருந்துக்குக் கட்டிய புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். மூலையிலிருந்த பெயின்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தாள். அடித்தாள், அடித்தாள், டப்பா காலியாகும்வரை அடித்தாள். தம்பி வாசற்படியிலேயே நின்றான். அப்பா இறந்தபோதுகூட அழாதவள் அம்மா. அன்றைக்கு அழுதாள்.

"கல்யாணமாகி வந்த அன்னிக்கு மாமியார் என் கையில குடுத்தது இந்த பிரஷ்ஷைத்தான். நகை நட்டெல்லாம் அப்புறம்."

பிரஷ்ஷை முந்தானையில் துடைத்தாள்.

திங்கட்கிழமை இன்ஜினியரின் ஆள் வந்தார். பின்னறைச் சுவரின் நடுப்பகுதியைத் தொட அம்மா விடவில்லை. கீழ்மூலையில் கொத்திப் பார்த்தார். வீடு முழுக்கச் சுற்றினார். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்.

"வீட்டுக்கு எழுபது வயசுகூடத் தேறாது மேடம். ஆனா இந்தச் சுவருக்கு இருநூறாவது இருக்கும். ஒத்தைச் சுவரா நின்னிருக்கு. அப்புறமாத்தான் அதைச் சுத்தி வீட்டைக் கட்டியிருக்காங்க." தலையைச் சொறிந்தார். "வீட்டுக்குச் சுவர் கட்டுவாங்க. சுவருக்கு எதுக்கு வீடு கட்டுனாங்க?"

அம்மா ஒன்றைத்தான் கேட்டாள். "அப்போ சுவரையும் இடிச்சிடுவீங்களா?"

வீடு தப்பவில்லை. ஒற்றைச் சுவருக்காகச் சாலையை வளைக்க முடியாதாம். கடைசி நாள்வரை அம்மா தினமும் ஒரு பூச்சு அடித்தாள். கடைசி மாலையும் அடித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினாள். சாவி என் பையில் இருந்தது.

மறுநாள் காலை 7.10-க்கு இடிக்க வந்த கான்ட்ராக்டர் போன் செய்தார்.

"மேடம், பின்னறைச் சுவருக்குள்ள ஏதாவது வச்சிருந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"நடுவுல உடைஞ்சிருக்கு. உள்ள ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம். காலியாத்தான் இருக்கு... வாசக்கதவு திறந்து கிடக்கு. கதவுல கிரீம் பெயின்ட்ல ஒரு கை பதிஞ்சிருக்கு. உள்பக்கத்துல. இன்னும் காயல மேடம்."

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அம்மா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்றுக் காலை நான் கிளினிக்குக் கிளம்பும்போது தன் அறை வாசலில் நின்றுகொண்டு, "வரும்போது ஒரு டப்பா பெயின்ட் வாங்கிட்டு வா" என்றாள்.

நான் கிண்டல் செய்யவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

"சின்ன டப்பாவாம்மா?"

"பெரிசு."