ஏரிஸுக்கு மார்ஸ், பத்துக்கு இரண்டு

போன வாரம் என் மகள் பள்ளியில் கொடுத்த ஜெராக்ஸ் தாள் ஒன்றை நீட்டினாள். பொருத்துக. இடப்பக்கம் கிரேக்கக் கடவுள்கள், வலப்பக்கம் ரோமானியக் கடவுள்கள். ஜீயஸுக்கு ஜூபிடர், ஏரிஸுக்கு மார்ஸ் என்று கோடு போட வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

தாளில் அந்த மை வாசனை. சிதம்பரம் கீழவீதியில் அப்போது ஒரு கடையில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு விற்பார்கள். இரண்டாயிரத்து ஏழில் நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளன். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ். இஸ்திரிச் சட்டை கடலூர் போய்ச் சேர்வதற்குள் கசங்கிவிடும். ஆனாலும் பெரிய அறிஞன் என்று நினைப்பு. நான் நடத்தியதோ அந்த நோட்ஸில் இருந்த அட்டவணையைத்தான். இந்தப் பெயருக்கு அந்தப் பெயர், முடிந்தது புராணம்.

குமராட்சியிலிருந்து வந்து என் வகுப்பில் படித்த தமிழரசிக்குச் சிதம்பரத்தில் எம்.ஏ. சேர ஆசை. அதற்கு முதல் வகுப்பு வேண்டும், உள்தேர்வில் ஒரு மதிப்பெண்கூட விடக்கூடாது. கிரேக்க, ரோமானியக் கடவுள்களை ஒப்பிடுக என்ற உள்தேர்வுக் கேள்விக்கு அவள்தான் அட்டவணை போடாமல் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ரோமானியர்கள் கிரேக்கர்களின் கதைகளை எடுத்துத் தங்கள் சாமிகளுக்குப் போட்டுக்கொண்டார்கள், ஆனால் சாமி அதே சாமி இல்லை என்று. ஏரிஸ் கிரேக்கர்களுக்கே பிடிக்காத ரத்தவெறியன். அடிபட்டால் அலறிக்கொண்டு அப்பாவிடம் ஓடுகிறவன். மார்ஸோ ரோமை உண்டாக்கியவனுக்குத் தகப்பன். பயிரைக் காக்கச் சொல்லி உழவர்கள் கும்பிட்டவன். எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் போல என்று முடித்திருந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார்.

“டேபிள் எங்க சார்? ஆன்சர் கீயில இருக்கறதுக்கு மட்டும் மார்க் போடுங்க. இதுங்கள யோசிக்க வுட்டா ரிசல்ட்டு படுத்துரும்.”

ஜூனில் என் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். பத்துக்கு இரண்டு போட்டேன்.

மறுநாள் தாளோடு வந்து நின்றாள்.

“சார், நான் எழுதுனது தப்பா?”

“இல்லம்மா, சரிதான்.”

“அப்பறம் ஏன் சார் ரெண்டு?”

“கீயில இல்லம்மா.”

“சரிங்க சார்” என்று தாளை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. என்மேல் அதைவிட ஜாஸ்தி.

அந்தக் கல்லூரி இப்போது கல்யாண மண்டபம். கீழவீதிக் கடையில் செல்போன் கவர் தொங்குகிறது. தொலையட்டும். அந்த இரண்டு பக்கத்தையும் வருடக் கடைசியில் மற்றத் தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருட மாதிரித் தேர்வில் அதே கேள்வி வந்தது. தமிழரசி ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, அட்டவணையை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். ஐயனார் இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.