ஒரு சொட்டு ரத்தத்தில் எழுந்த மேடு

ஆய்வகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். மருந்து உடம்புக்குள் போய் என்னென்னவாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பது பதினொரு வருடமாக அவள் வேலை. தலைமுடிப் பருமனே உள்ள குழாயில் ரத்தச் சாற்றை ஊரவிட்டால், கலந்து கிடப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்; நிறைமானி அவற்றை எடைபோட்டுத் திரையில் மேடுகளாகக் காட்டும். பெரிய கருவி கேட்கும் அளவு ரத்தத்தைப் பச்சிளங்குழந்தையிடம் எடுக்க முடியாது. இந்தச் சின்னக் கருவிக்குக் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு போதும். அப்படித்தான் வலிப்புக்கான புது மருந்தின் சோதனை அவளிடம் வந்தது. பதினாறு குழந்தைகள்.

ஐந்து குழந்தைகளின் ரத்தத்தில் யாரும் எதிர்பாராத மேடு எழுந்தது. எடையைப் பார்த்ததும் அது எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஈரலைக் கெடுக்கும் வகை.

"குழாய்ல அழுக்கும்மா. அத எடுத்துட்டு ரிப்போர்ட்ட அனுப்பு" என்றார் மேலாளர்.

"மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த சொட்டுல இல்லையே சார். அழுக்கு ஆளப் பாத்தா ஒட்டும்?"

"வாய் ரொம்ப நீளுது."

பல்லைக் கடித்துக்கொண்டு புதுக் குழாய் மாட்டி, மூன்று நாள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். அதே ஐந்து குழந்தைகள், அதே மேடு.

மேலாளர் சிரித்தார். "இத்துனூண்டு குழாய நம்பி இவ்வளவு பெரிய வேலைய நிறுத்தச் சொல்றியா?"

"இத்துனூண்டு உடம்புல மருந்த ஏத்தும்போது இது தோணலையா சார்?"

மறுநாள் காலை மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. மேட்டைக் காணோம். கீழே அவள் பெயர். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. கையெழுத்துப் போடவில்லை. அச்செடுத்த தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க வெளியே நடந்து, எதிர்ச்சாரி மருத்துவமனையில் சோதனையின் பாதுகாப்புக் குழுத் தலைவியான டாக்டரம்மா முன் போட்டாள்.

டாக்டரம்மா இரண்டு முறை புரட்டினார். "அடுத்த டோஸ் எப்ப?"

"நாலு மணிக்கு."

அவர் தொலைபேசியை எடுத்தார். மருந்து அன்றே நின்றது. நான்கு குழந்தைகள் தேறின. ஐந்தாவதுக்கு மஞ்சள் காமாலை இறங்கவே இல்லை, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசம். மேலாளர் பதவி குறையாமல் வேறு பிரிவுக்குப் போனார்.

"நீதானே எல்லாரையும் காப்பாத்தின, இன்னும் எதுக்குக் கோவம்?" என்றான் கணவன்.

"அந்தாளு ஒத்துக்கட்டும்னு மூணு நாள் காத்துக்கிட்டு இருந்தேனே. மூணு நாளும் அந்தப் பிள்ளைங்களுக்கு மருந்த ஏத்தியிருக்காங்கடா!"

சாப்பிட்ட தட்டை அவள் தொட்டியில் வீசிய சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது.