ஃப்ளூரைடுக்கு ஒரு மங்கி குல்லா

ஏலத்தோட்டத்து வேலை முடிந்து, நேரே போடி பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வழியனுப்ப வந்தாள் அம்மா.

"லேபுல அப்படி என்னதான்டா சோலி?"

மின்தன்மையும் காந்தத்தன்மையும் சேர்ந்தே இருக்கிற ஃப்ளூரைடு படிகங்கள். கடுங்குளிரில்தான் அவற்றின் காந்த குணம் ஒழுங்குக்கு வரும் என்றேன்.

"குரங்கணி மலைக் குளிரு பத்தாதா?"

"அதெல்லாம் வெயில்மா. இது மைனஸ் இருநூறுக்கும் கீழ."

"ஆத்தாடி! அதுக்குள்ளயா போயி நிக்கிற?"

அந்தக் குளிர் மிஷினுக்குள் படிகம் மட்டும்தான் போகும் என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்தது. ஓடிவந்து, தன் மங்கி குல்லாவைச் சன்னல் வழியே திணித்தாள். "மறக்காம மாட்டிக்கய்யா!"

கொளுத்துகிற வெயிலில், பஸ்ஸிலேயே மாட்டிப் போட்டோ போட்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் கமெண்டில் வந்து சிரியுங்கள்.

நாளை விடியலில் வெறுந்தலையோடு தோட்டத்து ஜீப்பில் மலையேறப்போவது அவள்தான்.