பி பிரிவும் திரும்பப் பெற்ற கையெழுத்துகளும்

அவளை எல்லாரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை. வயது பத்தொன்பது, ஜெராக்ஸ் கடையில் வேலை. பள்ளிப் படிப்பைக் கணக்கும் அறிவியலும் இல்லாமலே முடித்தவள். மண்டையில் ஏறாமல் இல்லை. அவள் இருந்த பி பிரிவுக்குக் கணக்கு வாத்தியாரே எட்டிப் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து பிரிவு பிரிப்பார்கள்; மில் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு என்றைக்கும் பி பிரிவுதான். கூலி வேலைக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் ‘வந்தேறிங்க’ என்ற பேச்சு போகவில்லை. முகத்தின் கறுப்பைப் பார்த்தே எந்த அறைக்குப் போகவேண்டும் என்று கை காட்டிவிடுவார்கள்.

எட்டாம் வகுப்பில் தங்கையையும் பி பிரிவில் போட்டபோது வெண்கலத்துக்குப் பொறுக்கவில்லை. கூடப் படித்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் நூற்று ஒன்பது பேர் பி பிரிவு. அதை மனுவாக எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ஐந்து பேருமாகக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள்.

அதிகாரி நாற்காலி போடச் சொன்னார். "மார்க் வச்சுத்தாம்மா பிரிக்கிறாங்க. இதுல நிறம் எங்க வந்துச்சு?"

"என் தங்கச்சி போன வருஷம் ரெண்டாவது ரேங்க் சார். மார்க் பட்டியலைக் காட்டச் சொல்லுங்க."

"விசாரிக்கச் சொல்றேன்."

விசாரணை வந்தது, பள்ளிக்கு அல்ல, பெற்றோருக்கு. தலைமையாசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டனுப்பினார். இங்கே பிடிக்கவில்லையென்றால் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். அடுத்த பள்ளி பதினோரு கிலோமீட்டர் தள்ளி; பஸ் கிடையாது.

முதலில் கடைக்கு வந்தது எதிர்வீட்டுத் தையல்கார அக்கா.

"கண்ணு, அந்தத் தாள்ல என் பேரை மட்டும் அடிச்சிடேன்."

"தாள் ஆபீசுல இருக்குக்கா. கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கிறதா எழுதிக் குடுக்கணுமாம்."

"எனக்கு எங்கடி எழுத வரும்? நீயே எழுதிடு."

எழுதினாள். ‘விவரம் தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டேன்.’ பிறகு லாரி டிரைவர் மாமா வந்தார். "என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். அதை வச்சு நீ என்ன பண்ணப்போற?" என்று சிரித்தார். சிரித்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார்மேல் கோபப்படுவது? ஒரு வாரத்தில் ஐம்பதுக்கும் மேலே அவள் கையாலேயே எழுதி, அவள் மெஷினிலேயே நகல் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கை பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அக்கா, என்னை ஏ பிரிவுக்கு மாத்துறாங்களாம். என்னை மட்டும். நீயும் மனுவைத் திரும்ப வாங்கிக்கிறதா லெட்டர் குடுத்தா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை." பை வாரை இழுத்துவிட்டபடி, "அங்க கணக்கு நடத்துறாங்கக்கா" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. வெண்கலம் தன் கடிதத்தையும் தானே எழுதினாள். திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மற்ற நான்கு பேரும் வந்து காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தாள். ஒருத்தி மட்டும் கடைக்கு வந்தாள். பி பிரிவில் தம்பி படிக்கிறவள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பியை மாத்துறோம்னு எங்க வீட்டுல கேட்டிருந்தா நானும் லெட்டர் குடுத்திருப்பேன்டி" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். வெண்கலம் குனிந்து, மெஷினில் இல்லாத தாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.