விவசாயி என்று எழுதியிருந்தார்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் நான் தாவரவியல் பேராசிரியராக இருந்த அரசுக் கல்லூரியில் முன்னாள் மாணவர்கள் கூடினார்கள். அன்று வெளியிட ஒரு நினைவு மலர் தயாரித்திருந்தோம். நான்தான் பொறுப்பு. மாணவர்கள் தபாலில் அனுப்பிய படிவங்களைப் பார்த்து, பெயர், படித்த ஆண்டு, தற்போதைய பணி என்று வரிசையாக அச்சிட்டிருந்தோம்.

தாசில்தார், வங்கி மேலாளர் என்று எழுதியவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மற்றவர்களைக் கொஞ்சம் மெருகேற்றினேன். செங்கம் ரோட்டில் வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விடுபவரை விடுதி உரிமையாளர் ஆக்கினேன். ஜெராக்ஸ் கடைக்காரரைத் தொழிலதிபர் ஆக்கினேன். அவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கத்து மாணவி ஒருவர், எங்கள் துறையிலேயே முதல் மதிப்பெண் எடுத்து எம்.எஸ்சி. முடித்தவர், 'விவசாயி' என்று எழுதியிருந்தார். இவ்வளவு படித்துவிட்டுக் களை எடுக்கிறார் என்று தெரிந்தால் துறைக்குக் கேவலம் என்று தோன்றியது. சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு 'இல்லத்தரசி' என்று எழுதினேன்.

அன்று காலை வாசலில் மேசை போட்டு மலரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவி சிரித்துக்கொண்டே வந்து, நிலக்கடலை நிறைந்த ஒரு மஞ்சள் பையை மேசையில் வைத்தார்.

"பச்சை மல்லாட்ட சார், உங்களுக்குத்தான். காலைலதான் புடுங்கினேன்."

நகக்கண்களில் செம்மண் இருந்தது. மலரை வாங்கி, நின்றபடியே தன் பெயரைத் தேடினார். சிரிப்பு போய்விட்டது.

"நான் இப்படி எழுதலையே சார்?"

"கௌரவமா இருக்கட்டும்னுதாம்மா மாத்தினேன்."

"யாருக்கு சார் கௌரவம்? எனக்கா, உங்களுக்கா?"

பின்னால் நின்ற அவருடைய வகுப்புத் தோழர், "விடும்மா, அரசினுதான போட்டிருக்காரு" என்று சிரித்தார்.

"ஏம்பா, உங்க ஊர் அரசிங்க விடியக்காலைல மோட்டார் போட கொல்லைக்குப் போவாங்களா?" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க ஊர்ல மல்லாட்ட எலைல புள்ளி விழுந்தா, மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி என்னைத்தான் சார் கேக்கறாங்க. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்த பாடம்தான்."

அந்த இலைப்புள்ளி நோயை நான் இருபது வருடம் நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் நிலக்கடலைக் கொல்லையில் இறங்கிப் பார்த்ததில்லை.

"எல்லா புக்குலயும் திருத்துங்க சார்."

"விருந்தாளி வர்ற நேரம்மா. அடுத்த தடவை பாக்கலாம்."

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பிரதியாகப் பிரித்து, நான் போட்ட சொல்லை அடித்து, 'விவசாயி' என்று எழுத ஆரம்பித்தார். வரிசை அப்படியே நின்றது.

"எழுந்திரும்மா. இது காலேஜ் சொத்து" என்று அதட்டினேன்.

"நானும் இந்த காலேஜ்தான் சார்" என்றார், தலை நிமிராமல்.

அடுத்து நான் செய்ததை இத்தனை காலம் வீட்டில்கூடச் சொன்னதில்லை. மீதிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அலுவலக அறையில் வைத்துப் பூட்டினேன். திரும்பி வந்தபோது, மேசையில் இருந்த கடைசிப் பிரதியைத் திருத்தி மூடிவிட்டு அவர் எழுந்தார். மஞ்சள் பையை எடுத்து, "அண்ணா, இத நீங்க சாப்பிடுங்க" என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். அரை மணி நேரம் கழித்து, நான் மேடையில் ஏறி எங்கள் மாணவர்களின் பெருமையைப் பற்றிப் பேசினேன்.

நான் ஓய்வு பெற்ற சில வருடங்களுக்குப் பின் மறுபடியும் மலர் போட்டார்கள். பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். ஒருவர் 'எம்.ஏ., ஆட்டோ ஓட்டுநர்' என்று எழுதியிருந்தார்.

"போக்குவரத்துத் துறைனு போட்டுடலாமா சார்?" என்றார் கூட இருந்த விரிவுரையாளர்.

"அவர் எழுதினதை அப்படியே போடுங்க. முடியாதுன்னா என் பேரை எடுத்துடுங்க" என்றேன். குழுவில் முணுமுணுத்தார்கள். நான் அசையவில்லை. அப்படியே அச்சானது.

வந்திருந்த படிவங்களுக்கு நடுவே அந்த மாணவியின் படிவத்தையும் தேடினேன். அவர் அனுப்பவில்லை. கடிதம் எழுதிக் கேட்க எனக்கு முகமில்லை. மண்ணில் நின்று அவர் சம்பாதித்த சொல்லை நாற்காலியில் உட்கார்ந்து அடித்தவன் நான். அதனால்தான் இன்று யாராவது என் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், தாசில்தாருக்கும் வங்கி மேலாளருக்கும் முன்னால் அவரைத்தான் சொல்கிறேன்: விவசாயி என்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக.