கடைசியாக ஓடி வருபவர்

கற்பிட்டிக் கடற்கரையில் ஓடிப் பழகும் பெண்கள் கழகத்துக்குக் காலையில் இஞ்சித் தேநீர் ஊற்றுவது நான்தான். என் மகளும் அங்கே ஓடுகிறாள். கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருவரும் தேநீரில் வாய் வைப்பதில்லை. அது அவர்களுடைய வழக்கம். அந்தக் கடைசி ஆள் எப்போதும் ஒரே மனுசிதான். என் வயதிருக்கும். கறுப்பு அபாயாவும் வெள்ளைச் சப்பாத்துமாக ஆடி அசைந்து வருவார். என் மகள் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் புள்ள, கொஞ்சம் முந்தி வந்தா சூடாக் குடிக்கேலாதா?"

"முந்தி வந்தா எனக்கு யாரு கை தட்டுவா, ராத்தா?" என்று சிரித்தார்.

அன்று பகல் வீட்டில் சோறு கறியை வைத்துவிட்டு, வேண்டுமென்றே பிந்திப் போய் உட்கார்ந்தேன். மகள் சாப்பிட்டுக் கையும் கழுவியிருந்தாள்.

அந்த மனுசியிடம் அப்படி என்னதான் இருக்கிறதோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.